டெரஸ் வீட்டு வாசலில் வேப்பமரம்: எங்கே நடுவது, எப்படிச் சிறிதாக வைத்துக்கொள்வது?

ஆடி மாதம் நெருங்கினால் மலேசியத் தமிழர் வீடுகளில் வேப்பிலைத் தேடல் தொடங்கிவிடும். மாரியம்மன் கோயில் திருவிழா, கூழ் ஊற்றுதல், பால்குடம், வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் நிலைவாசலில் செருகும் கொத்து என எல்லாவற்றுக்கும் அது வேண்டும். தாமானில் ஒரு வீட்டில் மரம் இருந்தால், நான்கு தெரு தள்ளி இருப்பவர்களும் அந்த வாசலில் வந்து நிற்பார்கள். தோட்டப்புறத்தில் இருந்தவரை இந்தத் தேடல் இல்லை. கோயிலடியில் ஒன்று, லயத்துக்குப் பின்னால் ஒன்று என்று மரங்கள் நின்றன. யாருடைய மரம் என்று யாரும் கேட்டதில்லை.

தோட்டத்தை விட்டு டெரஸ் வீடுகளுக்கு வந்த பிறகு, நமக்கென்று ஒரு மரம் இருக்கட்டும் என்று பலர் கன்று வாங்கி முன்வாசலில் நட்டார்கள். முழங்கால் உயரக் கன்றை நடும்போது இடம் தாராளமாகத்தான் தெரியும். எட்டு, பத்து ஆண்டுகள் கழித்துத்தான் சிக்கல் வருகிறது. மரம் மாடியைத் தாண்டிவிடும். வேர் கால்வாயின் சிமெண்டைத் தூக்கும். இலையும் பழமும் பக்கத்து வீட்டுக் காரின் மேல் விழும். அதற்குள் அடிமரத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் புடவையும் கட்டியிருப்பார்கள். வெட்டவும் மனம் வராது, வைத்திருக்கவும் முடியாது.

இந்த நிலைக்கு வராமல் வேம்பை வீட்டில் வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அதற்கான முடிவுகளைக் கன்று நடும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும்.

வாங்கும் கன்று வேம்புதானா?

நர்சரியில் பெயர்க் குழப்பம் அதிகம். மலாய் மொழியில் வேம்பை மம்பு என்றும் செமாம்பு என்றும் சொல்வார்கள். சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளில் ஆங்கிலப் பெயரான ‘நீம்’ என்று கேட்டாலும் புரியும். கேட்டு வாங்கிய பிறகும் இலையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வேம்பின் நெருங்கிய உறவுக்கார மரம் ஒன்று இந்த நாட்டுக் காடுகளுக்கே உரியது.

அதன் பெயர் செந்தாங். பலகைக்காக வளர்க்கப்படும் மரம் அது. காட்டில் 50 மீட்டர் வரை உயரும். கன்றாக இருக்கும்போது வேம்பைப் போலவே தோன்றும். வேறுபாடு சிற்றிலையின் ஓரத்தில் இருக்கிறது. நம் வேம்பின் சிற்றிலை அரிவாளைப்போல் லேசாக வளைந்திருக்கும், ஓரம் முழுக்க ரம்பப் பல் இருக்கும், அடிப்பகுதி ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் இருக்கும். செந்தாங்கின் சிற்றிலை ஓரம் பல்லில்லாமல் வழவழப்பாக இருக்கும், இலையும் பெரிது. விரலால் ஓரத்தை வருடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டெரஸ் வீட்டில் செந்தாங்கை நடுவது காட்டு மரத்தை வீட்டுக்குள் அழைத்து வருவதற்குச் சமம்.

மூன்றாவது, தாய்லாந்து வேம்பு. தாய்லாந்தில் இதன் பூங்கொத்தையும் இளந்தளிரையும் வெந்நீரில் போட்டெடுத்து, இனிப்பும் புளிப்புமான சாறோடு சாப்பிடுவார்கள். இலை தடிமனாக இருக்கும், பல் மழுங்கியிருக்கும், கசப்பும் குறைவு. வீட்டில் வளர்ப்பதற்கு இதுவும் மோசமில்லை. ஆனால் கோயிலுக்கும் பூசைக்கும் தேடுபவர்கள் எதிர்பார்க்கும் மெல்லிய, கூர்மையான இலை இதில் கிடைக்காது.

மலைவேம்பு வகையைச் சேர்ந்த மிண்டி மரமும் சில சமயம் வேம்பு என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அதன் இலைக்காம்பு இரண்டு மூன்று முறை கிளைத்துப் பிரியும், பூ இளம் ஊதா நிறம். வேம்பின் காம்பு கிளைப்பதில்லை, ஒரே காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும், பூ வெள்ளை. மிண்டியின் பழம் மனிதர்களுக்கு நஞ்சு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

நிலவேம்பு மரமே இல்லை. மலாயில் ஹெம்பெடு பூமி என்று சொல்லும் சிறு மூலிகைச் செடி அது. கறிவேப்பிலைக்கும் பெயரில் மட்டுமே வேம்பு உண்டு, குடும்பத்தால் அது எலுமிச்சைக்குத்தான் சொந்தம்.

தமிழ்நாட்டுக்குப் போய் வருபவர்கள் கோயில் மரத்தடியிலிருந்து விதையோ கன்றோ பையில் வைத்துக் கொண்டுவருவதுண்டு. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் அப்படிக் கொண்டுவரக் கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அதில் பயன் குறைவு. வேப்பவிதை சில வாரங்களில் முளைக்கும் திறனை இழக்கத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலும் ஆந்திரா, தெலங்கானாவிலும் அண்மை ஆண்டுகளில் வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் கருகிக் காய்ந்துபோகும் நோய் பரவலாகக் காணப்பட்டது. அதையும் சேர்த்துச் சுமந்துவரத் தேவையில்லை.

மழை அதிகமான ஊரில் வறண்ட நிலத்து மரம்

வேம்பு இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட, அரைவறண்ட நிலங்களில் செழிக்கும் மரம். ஆண்டுக்கு 400 முதல் 1,200 மில்லிமீட்டர் மழை அதற்குப் போதும். கோலாலம்பூரில் ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. தைப்பிங்கில் அதற்கும் வெகு அதிகம். மழை பெய்வதால் மட்டும் மரம் கெட்டுவிடாது. வேரடியில் நீர் தேங்கி நின்றால்தான் கெடும். வேர் அழுகத் தொடங்கிய வேம்பில் இலைகள் மஞ்சளாகி, கீழ்க்கிளைகளிலிருந்து கொட்டிக்கொண்டே வரும். பார்ப்பதற்குத் தண்ணீர் போதாததுபோல் தெரியும். வீட்டுக்காரர் மேலும் தண்ணீர் ஊற்றுவார். கன்றுகள் பல இப்படித்தான் சாகின்றன.

கெடா, பெர்லிஸ், பினாங்கு போன்ற வட மாநிலங்களில் ஆண்டின் தொடக்கத்தில் தெளிவான வறட்சி மாதங்கள் உண்டு. அங்கே வேம்பு நன்றாக வளரும், பூக்கவும் செய்யும். சிலாங்கூரிலும் ஜொகூரிலும் இலைக்குக் குறைவிருக்காது. ஆனால் சித்திரைப் புத்தாண்டுப் பச்சடிக்கு ஒரு கைப்பிடி பூ கிடைப்பது அந்த ஆண்டின் வெயிலைப் பொறுத்தது.

வீடமைப்புப் பகுதிகளின் மண் இன்னொரு தொல்லை. வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, செம்மண்ணையோ களியையோ கொட்டி இயந்திரத்தால் அழுத்திவிடுகிறார்கள். நடும் இடம் தகுமா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தண்ணீரை நிரப்பி வடியவிட வேண்டும். பிறகு மீண்டும் நிரப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாவது தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்தால் இடம் சரி. மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தில் தரைமட்டத்தில் நடக்கூடாது, மேடு கட்டித்தான் நட வேண்டும்.

நம் மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை கொண்டது. வேம்புக்கு அது பிடிக்காது. செம்பனைக்குப் போடும் டோலமைட் தூளில் இரண்டு கைப்பிடி எடுத்து, நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் மண்ணோடு கலந்து வைத்தால் போதும்.

முதலில் அளவு நாடா

தடையில்லாமல் வளரும் வேம்பு 15 முதல் 20 மீட்டர் உயரம் போகும். திறந்த வெளியில் அதன் குடையும் ஏறக்குறைய அந்த அகலத்துக்கு விரியும். நல்ல மண்ணில் முதல் மூன்று ஆண்டுகளிலேயே மாடி ஜன்னலை எட்டிவிடும்.

இடைநிலை டெரஸ் வீட்டின் மனை பொதுவாக 20 அடிக்கு 70 அடி. முன்பக்கத்தில் கார் நிறுத்தும் இடம் போக மிஞ்சுவது வேலியோரத்தில் நான்கைந்து அடி. ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் அண்டை வீட்டுச் சுவர், அடியில் தண்ணீர்க் குழாய். இந்த இடத்தில் வேம்பைத் தரையில் நடக்கூடாது. எத்தனை கத்தரித்தாலும் அடிமரம் பருக்கும், வேர் தடிக்கும். இவர்களுக்குத் தொட்டிதான் வழி.

மூலைவீட்டில் பக்கவாட்டில் 10 அடியிலிருந்து 20 அடி வரை நிலம் இருக்கும். அங்கே நடலாம், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் கத்தரிப்பதாக இருந்தால் மட்டுமே. வீட்டுச் சுவரிலிருந்தும் கால்வாயிலிருந்தும் குறைந்தது 10 அடி தள்ளி வைப்பது நல்லது. சொந்த பங்களா நிலமோ கம்பத்து வீடோ இருந்தால் 20 அடி தள்ளி நட்டுவிட்டு, மரத்தை அதன் போக்கில் விடலாம். அப்படி விடப்பட்ட வேம்பின் நிழலுக்கு ஈடே இல்லை.

வீட்டுப் பின்சந்திலும் முன்சாலையின் புல்தரையிலும் நடுபவர்கள் இருக்கிறார்கள். அது வீட்டுக்காரரின் நிலமன்று. ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ள இடம். சாலை விரிவாக்கம், கால்வாய்ப் பணி, மின்கம்பிப் பராமரிப்பு என்று எதற்காகவும் மரம் ஒரே நாளில் போய்விடலாம், கேட்கவும் உரிமை இருக்காது. அங்கே நட்ட மரத்துக்குப் பூசை போடத் தொடங்கிய பிறகு அது வெட்டப்பட்டால், வருத்தம் தெருவோடு நிற்பதில்லை. மேலே மின்கம்பி போகும் இடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நடுதல்

மேற்குக் கரை மாநிலங்களில் மார்ச் கடைசி அல்லது செப்டம்பர் கடைசி நல்ல காலம். மழை தொடங்கும், ஆனால் உச்சத்துக்கு வந்திருக்காது. கிளந்தான், திரெங்கானு, பகாங் கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்ச் மாதத்தில் நடலாம்.

பாலிபேக்கில் நீண்ட காலம் இருந்த கன்றின் வேர் பைக்குள் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை அப்படியே நட்டால், பல ஆண்டுகள் கழித்து மரம் காற்றில் சாயும். இரண்டடி உயரத்துக்குள் உள்ள இளங்கன்றை வாங்குவதே நல்லது. ஆறடி உயரக் கன்று அதிக விலை கொடுத்து வாங்கும் தொல்லை. பையை முழுவதும் அகற்றி, சுருண்ட வேரைப் பிரித்துவிட வேண்டும். பிரியாவிட்டால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் கீறிவிடலாம்.

குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரமே. அகலம் அதைப்போல் மூன்று மடங்கு. களிமண் என்றால் குழியை இன்னும் மேலாக எடுத்து, சுற்றிலும் மணலும் மண்ணும் கலந்து ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்ட வேண்டும். மட்கிய ஆட்டுச் சாணம் ஒரு சிறு வாளி போதும். அடியுரமாக இரசாயன உரம் தேவையில்லை. தண்டின் கழுத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. காய்ந்த இலைகளைச் சுற்றிலும் பரப்பலாம், ஆனால் தண்டை ஒட்டாமல் ஒரு கையகலம் இடைவெளி விட வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் மழை இல்லாத நாட்களில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். ஓராண்டுக்குப் பிறகு, நீண்ட வறட்சி வந்தாலொழிய, குழாயை அதன் பக்கம் திருப்பவே வேண்டாம்.

தொட்டியில் வளர்ப்பவர்கள் இரண்டடி அகலத்துக்குக் குறையாத தொட்டியாக எடுக்க வேண்டும். தோட்டமண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மட்கிய உரம் அரைப் பங்கு. அடியில் ஓட்டைகள் பெரிதாக இருக்க வேண்டும். தொட்டியை நேராகத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தால், வேர் ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்காது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியை வெளியே எடுத்து, வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, புது மண் போட்டு மறுபடியும் வைக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. கொசுவை விரட்டும் என்று நம்பி வாங்கிய செடியின் தட்டிலேயே ஏடிஸ் கொசு முட்டையிட்டால், அபராதத்தோடு பேச்சும் கேட்க வேண்டிவரும்.

கத்தரிப்பது பாவமா?

வேம்பை அம்மனாகப் பார்க்கும் வீடுகளில் கத்தி வைக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் பிற்காலத்தில் மரத்தையே இழக்க வைக்கிறது. வெட்டினால் மறுபடியும் தளிர்ப்பதில் வேம்பை மிஞ்சும் மரங்கள் குறைவு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல்குச்சிக்கும் ஆட்டுத் தழைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கிளை ஒடிக்கப்பட்டே வந்த மரம் இது. கோயிலுக்குக் கொத்து ஒடிப்பதும் கத்தரிப்பதுதான். ஒழுங்காகச் செய்வதா, கண்டபடி ஒடிப்பதா என்பது மட்டுமே வேறுபாடு.

கன்று ஆளுயரத்தைத் தாண்டி ஏழெட்டு அடியை எட்டும்போது நுனியைக் கிள்ளாமல், ஏழடி உயரத்தில் நடுத்தண்டை வெட்டிவிட வேண்டும். மனம் வலிக்கும் வேலைதான். அடுத்த சில வாரங்களில் வெட்டுக்குக் கீழே ஏழெட்டுத் தளிர்கள் கிளம்பும். அவற்றில் நான்கு திசைக்கு ஒன்றாக நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விரலால் தேய்த்து எடுத்துவிடலாம். அவை ஒரே மட்டத்தில் இல்லாமல் மேலும் கீழுமாக இருந்தால் பின்னாளில் கிளை பிளக்காது. அடுத்த ஆண்டு அந்த நான்கையும் மூன்றடி நீளத்தில் வெட்டினால், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிளைகள் வரும். இப்போது மரத்துக்கு ஒரு குடை வடிவம் அமைந்துவிட்டது. இனி ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சட்டத்திலிருந்து வளரும் புதுக்கிளைகளை மட்டும் எடுத்தால், மரம் 12 முதல் 15 அடிக்குள் நிற்கும். ஏணி இல்லாமல், தரையில் நின்றபடி நீண்ட கத்தரியால் வேலை முடியும்.

எந்த மாதத்தில் வெட்டுவது என்பதற்கு நாட்காட்டியே வழி காட்டுகிறது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் மழை ஓரளவு குறைவு. வெட்டுக்காயம் விரைவில் ஆறும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு முந்திய வாரத்தில் மரத்தைக் கத்தரித்தால், வெட்டிய கிளை குப்பைக்குப் போகாது. கோயிலுக்கும் அண்டை வீடுகளுக்கும் போகும். சித்திரையில் பூக்கும் மரமாக இருந்தால் பூவும் கெடுவதில்லை. எந்தெந்த வீட்டுக்கு எத்தனை கொத்து என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரே நாளில் வெட்டிக் கொடுக்கலாம். இது வாசலில் தினமும் ஒருவர் வந்து கண்ட கிளையை ஒடிப்பதைவிட மரத்துக்கும் நல்லது, வீட்டுக்காரருக்கும் நல்லது.

பெரிய கிளையை எடுக்கும்போது முதலில் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, பிறகு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் சற்றுத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பை விட்டுவிட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். காயத்துக்குத் தாரோ சாயமோ பூச வேண்டாம். மஞ்சள் பூச விரும்பினால் பூசலாம், மரம் ஒன்றும் சொல்லாது.

செய்யவே கூடாத வேலை ஒன்று இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் விட்டுவைத்த பெரிய மரத்தை ஒரே நாளில் மொட்டையடிப்பது. வெட்டிய தலைப்பில் குச்சி குச்சியாக நெருக்கிக் கிளம்பும் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது. நான்கைந்து ஆண்டுகளில் அவை பருத்து, புயல்காற்றில் முறிந்து விழும். அந்த அளவுக்கு வளர்ந்த மரத்துக்கு மரப் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரை அழைத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்படியாகக் குறைப்பதே பாதுகாப்பு.

80 சென்டிமீட்டர் கணக்கு

தன் வீட்டு மரத்தைத் தான் வெட்ட யாரிடம் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. கேட்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் அதிகாரத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது. பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. கோலாலம்பூருக்குத் தனிச் சட்டம் இருப்பதால், அங்கே மாநகர் மன்றத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் 1 மீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரங்களுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும்.

0.8 மீட்டர் சுற்றளவு என்றால் அடிமரத்தின் விட்டம் சுமார் 25 சென்டிமீட்டர், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம். நல்ல மண்ணில் நிற்கும் வேம்பு இதை எட்ட நெடுங்காலம் ஆகாது. எனவே தவறான இடத்தில் நட்டுவிட்டோம் என்று தெரிந்தால், தண்டு கைப்பிடிக்குள் இருக்கும்போதே இடம் மாற்றுவது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் மரம் என்பதால், இரண்டு மூன்று வயதுக்கு மேல் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது.

மேடையும் விளக்கும்

மரம் சற்றுப் பருத்ததும் சுற்றிலும் சிமெண்டு மேடை கட்டி, ஓடு பதித்து, விளக்கு வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வேருக்குக் காற்று வேண்டும். தண்டை ஒட்டி சிமெண்டு போட்டால் வேர் மூச்சடைத்து, மேடையை உடைத்துக்கொண்டு வெளியே வரும், அல்லது மரம் மெல்லப் பட்டுப்போகும். மேடை வேண்டும் என்றால் தண்டிலிருந்து மூன்றடியாவது தள்ளி, இடையில் வெறும் மண் தெரியும்படி கட்டலாம். அகல் விளக்கையும் சூடத்தையும் பட்டைக்கு அருகில் ஏற்றினால், பட்டைக்கு அடியில் உள்ள உயிருள்ள அடுக்கு வெந்துபோகும். வெளியே கறுப்புப் புகைத் தடமாகத் தெரியும் இடத்தில் உள்ளே மரம் செத்திருக்கும். கட்டிய புடவையை மாற்றும்போது பழைய கயிற்றையும் அவிழ்த்துவிட வேண்டும். மரம் பருக்கப் பருக்க, அவிழ்க்காத நைலான் கயிறு தண்டுக்குள் புதைந்து அறுத்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், கன்று நடுவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. பூசை வைக்கும் மரமா, இலைக்கும் நிழலுக்கும் வளர்க்கும் மரமா என்பதில் வீட்டுக்குள் ஒரே முடிவு இருக்க வேண்டும். வீடு விற்கும்போது அம்மன் மரத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் அண்ணன் தம்பிகள் பிரிந்து நின்ற கதை பல தாமான்களில் உண்டு. தொட்டியில் வளர்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. போகும் வீட்டுக்கு அம்மனும் கூடவே வருவாள்.

எல்லாவற்றுக்கும் மருந்தா?

வேப்பமரம் இரவிலும் பிராணவாயு தரும் என்று கைப்பேசிச் செய்திகள் சுற்றுகின்றன. அப்படி இல்லை. மற்ற மரங்களைப்போல் அதுவும் இரவில் பிராணவாயுவை உள்ளிழுக்கவே செய்யும். வாசலில் வேம்பு நின்றால் டிங்கிக் கொசு வராது என்பதும் நம்பிக்கைதான். பூச்சிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் விதையில் செறிந்திருக்கிறது. பிழிந்து தெளித்தால் வேலை செய்யும். மரம் சும்மா நிற்பதால் கொசு ஓடாது. சொல்லப்போனால் செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் வேப்பங்கிளையிலேயே வந்து ஒட்டும். சோப்பு நீர் தெளித்துத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது வேப்பெண்ணெய் பற்றியது. கைக்குழந்தைக்குச் சளி, வயிற்றுக் கோளாறு என்றால் சில துளி வேப்பெண்ணெய் புகட்டும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அதனால் குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டு, ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டதை மலேசிய மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டிலேயே ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். பாதிப்பு நம் சமூகத்துப் பிள்ளைகளிடமே கண்டறியப்பட்டது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை எந்த அளவிலும் வாய்வழி கொடுக்கக் கூடாது. கருவுற்ற பெண்களும் வேப்பஞ்சாறு குடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அம்மை போட்டவரின் படுக்கையில் இலை பரப்புவதும், இலை போட்டு ஊறிய நீரில் தலைக்கு ஊற்றுவதும் வேறு. காய்ச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை அம்மன் தடுத்ததில்லை.

பழம் பழுத்தால்

நட்ட நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கலாம். மஞ்சளாகிக் கீழே விழும் பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, விதையை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி, உடனே மண்ணில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றிவிட வேண்டும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் முளைக்கும். கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளித் தோட்டத்துக்கோ கொடுக்க இதைவிடச் செலவில்லாத கன்று கிடையாது. அங்கே இடமும் இருக்கும்.

மிச்சப் பழத்தை மைனாவும் வௌவாலும் தின்றுவிட்டு, விதையை வேலியோரத்திலும் கால்வாய்ச் சந்திலும் மின்கம்பத்தடியிலும் போடும். அங்கே முளைப்பவை சாண் உயரம் இருக்கும்போது, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் காலையில் இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். அடுத்த மழைக்காலம் வரை விட்டால் மண்வெட்டி தேவைப்படும்.